மூணு மணி நேரம் சமையலறையில் ஒரு பெண்: இதுல கதை எங்க இருக்கு?

தூங்குமூஞ்சி | ஞாயிறு, இரவு 11.40

முதல்லயே சொல்லிடறேன், வம்பு வளர்க்க வரலை. நேத்து ராத்திரி 'ழான் டீல்மன்' பாத்தேன். பாத்தேன்னு சொல்றது பாதிப் பொய். 201 நிமிஷத்துல ஒரு மணி நேரமாவது தூங்கியிருப்பேன், அதுவும் ரெண்டு தவணையா. முழிச்சுப் பாத்தா அந்தம்மா உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தாங்க. மறுபடி கண் அசந்து முழிச்சா, மறுபடியும் உருளைக்கிழங்கு. வீடியோ பின்னாடி ஓடிருச்சோன்னு ரிமோட்டைத் தேடினேன்.

கடைசியில ஒரு விஷயம் நடக்குது. பாக்காதவங்களுக்காக அதைச் சொல்லலை. ஆனா அது எங்கேர்ந்து வந்து குதிச்சுதுன்னே புரியலை. உடனே ஒரு விளக்க வீடியோ போட்டுப் பாத்தேன். 12 நிமிஷத்துல ஒருத்தர் எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சிட்டார். அப்பதான் எரிச்சல் வந்துச்சு. 12 நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயத்துக்கு எதுக்கு 3 மணி 21 நிமிஷம்?

2022ல 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை விமர்சகர்கள்கிட்ட வாக்கெடுப்பு நடத்தினப்போ இந்தப் படம்தான் முதல் இடம். 'வெர்ட்டிகோ', 'சிட்டிசன் கேன்' எல்லாம் அதுக்குக் கீழ. அத்தனை பேரும் முட்டாளா இருக்க முடியாது. அப்போ கோளாறு என் பக்கமா? இல்ல, தூங்கினதைச் சொல்ல எல்லாருக்கும் வெக்கமா?


இடைவேளை | ஞாயிறு, இரவு 11.58

தலைவா, உங்க பக்கம் ஒரு கோளாறும் இல்லை. மூக்கறுத்துக்கிட்டவன் கதை தெரியும்ல? மூக்கை அறுத்துக்கிட்டா கடவுள் தெரிவார்னு ஒருத்தன் சொன்னான். நம்பி அறுத்துக்கிட்டவனுக்கு ஒண்ணும் தெரியலை. ஆனா அறுத்தாச்சு, வெளிய சொன்னா அசிங்கம். 'ஆமா தெரியுறார்'னு அடுத்தவனையும் கூப்பிட்டான். இந்த மாதிரிப் படங்களோட புகழ் பாதி அப்படிப் பரவினதுதான்.


கத்தரிக்கோல் | திங்கள், காலை 7.15

இடைவேளை, கதை நல்லா இருக்கு. ஆனா எனக்கு மூக்கு இருக்கு, படமும் தெரியுது.

நான் படத்தொகுப்பு வேலை பாக்கிறவன். பெரிய படங்கள் இல்லை, குறும்படம், ஆவணப்படம், அப்பப்போ விளம்பரம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு குறும்படம் வெட்டினேன். ஒரு பொண்ணு வாசல்ல நின்னு, அண்ணன் போறதைப் பாத்துக்கிட்டிருக்கா. அந்த ஷாட் 70 விநாடி. பணம் போட்டவர் பாத்துட்டு 'என்னப்பா இது, ஆள் போய் அரை மணி நேரம் ஆச்சு, இவ இன்னும் நிக்கிறா'ன்னார். சரின்னு 30 விநாடியாக்கிட்டேன். அடுத்த காட்சியில அந்தப் பொண்ணு வீட்டை விட்டுக் கிளம்பிடறா.

போட்டுக் காட்டின இடத்துலெல்லாம் ஒரே கேள்வி: 'அவ ஏன் திடீர்னு போறா?' வசனம் சேர்த்துப் பாத்தோம், பின்னணிக் குரல் சேர்த்துப் பாத்தோம், எதுவும் ஒட்டலை. கடைசியில ராத்திரி உக்காந்து வெட்டின 40 விநாடியைத் திரும்பப் பாத்தேன். அதுல அந்தப் பொண்ணு ஒரே ஒரு தடவை குனிஞ்சு, வாசப்படியில கிடக்கிற தன் செருப்பைப் பாக்கிறா. ரெண்டு விநாடிதான். நடிக்கச் சொன்னதா தானா பாத்ததான்னு இயக்குநருக்கே ஞாபகம் இல்லை. அந்த 40 விநாடியைத் திருப்பிப் போட்டேன். அப்புறம் யாரும் 'ஏன் போறா'ன்னு கேக்கலை. வேடிக்கை என்னன்னா, செருப்பைப் பாத்தாளேன்னும் ஒருத்தர்கூடச் சொல்லலை. கவனிச்சதே தெரியாம கவனிச்சிருக்காங்க.

தூங்குமூஞ்சி, உங்க 12 நிமிஷ வீடியோ சொன்னது 'அவ வீட்டை விட்டுப் போறா'ங்கிற மாதிரியான தகவலை. செருப்பு மாதிரி விஷயத்தை அது காட்ட முடியாது. காட்டணும்னா அதுக்கு முன்னாடி 30 விநாடி சும்மா நிக்கணும். ஏட்டுச் சுரைக்காய் கதைதான்.


நெறியாளர் | திங்கள், காலை 9.02

இழை நீளும்போலத் தெரிகிறது. முடிவுகளைப் பேசுகிறவர்கள் பதிவின் முதல் வரியில் 'கதை உடையும்' என்று போட்டுவிடுங்கள்.


கடைசிவரிசை | திங்கள், மதியம் 1.30

கதை உடையும். 'ழான் டீல்மன்' பற்றி முழுமையாகப் பேசப்போகிறேன்.

நண்பர் தூங்குமூஞ்சிக்கு: நீங்கள் தூங்கியதில் தவறில்லை. தூங்கிய இடம்தான் தவறு. அது இரண்டாம் நாள் மதியம்.

படம் மூன்று நாள்களில் நடக்கிறது. ப்ரஸல்ஸில் ஒரு விதவை, பள்ளிக்குப் போகும் மகன். அவள் சமைக்கிறாள், துடைக்கிறாள், மடிக்கிறாள். மதியம் ஒரு வாடிக்கையாளர் வருவார், அறைக் கதவு மூடும், நடைவழியில் வெளிச்சம் குறையும், கதவு திறக்கும். அவர் தரும் பணத்தைச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் பீங்கான் சூப்புப் பாத்திரத்தில் போட்டு மூடிவைப்பாள். உருளைக்கிழங்கு அதற்குள் சரியாக வெந்திருக்கும். முதல் நாள் முழுக்க இதைத்தான் பார்க்கிறோம். ஓர் அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணைப்பாள், ஒவ்வொரு முறையும். பார்க்கிறவருக்கு அலுக்கிறது. அந்த அலுப்புதான் பாடம். இயக்குநர் ஷன்டால் ஆக்கர்மன் நமக்கு ஒரு வீட்டின் நியதியைக் கற்றுக்கொடுக்கிறார், பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி.

இரண்டாம் நாள் வாடிக்கையாளர் போனபிறகு பாத்திரத்தில் பணத்தைப் போடுகிறாள், மூடவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. தலைமுடி கலைந்திருக்கிறது. அடுப்பில் கிழங்கு குழைந்துவிட்டது. அந்தப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அறை அறையாக நடக்கிறாள். பாத்திரம் கழுவவும் கொட்டவும் பல வருடமாகப் பழகிய வீட்டில் ஒரு பானையை வைக்க இடம் தெரியவில்லை. முதல்முறை பார்த்தபோது எனக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசைந்தது. திரையில் நடந்தது என்ன? ஒரு பெண் பானையோடு நடந்தாள், அவ்வளவுதான்.

மகன் வந்ததும் தலைமுடி கலைந்திருப்பதைச் சொல்கிறான். கிழங்கு குழைந்துவிட்டது என்று பதில் சொல்கிறாள். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் நமக்குச் சம்பந்தம் தெரியும். முதல் நாளைப் பார்த்தவருக்கு மட்டும் தெரியும்.

மூடிய கதவுக்குப் பின்னால் இரண்டாம் நாள் என்ன நடந்தது என்பதைப் படம் காட்டுவதில்லை. நாம்தான் பானையிலிருந்தும் மூடியிலிருந்தும் பின்னோக்கிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். இயக்குநர் எதையும் ஒளித்துவைக்கவில்லை. எல்லாம் சட்டகத்தின் நடுவில், அசையாத கேமரா முன்னால், நல்ல வெளிச்சத்தில் இருக்கிறது. 'இதைப் பார்' என்று விரல் நீட்டவில்லை, அது ஒன்றுதான் குறை. இதை எடுத்தபோது அவருக்கு 25 வயது நிரம்பவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.


இடைவேளை | திங்கள், மாலை 6.20

கடைசிவரிசை ஐயா, நீங்க எழுதினதைப் படிக்கும்போது படம் பிரமாதமா இருக்கு. பாக்கும்போதுதான் பிரச்சினை.

2011ல டேன் காய்ஸ்னு ஒரு விமர்சகர் நியூயார்க் டைம்ஸ்ல எழுதினாரே, இந்த மாதிரிப் படம் பாக்கிறது பிடிக்காத காய்கறியை உடம்புக்கு நல்லதுன்னு முழுங்கிற மாதிரி இருக்குன்னு. தொழில்முறை விமர்சகரே வாய்விட்டுச் சொன்னார். உடனே அதே பத்திரிகையோட மத்த ரெண்டு விமர்சகர்கள் மெதுவான படங்களுக்கு வக்காலத்து வாங்கிப் பதில் எழுதினாங்க. ஒரு மனுஷன் அலுக்குதுன்னா விடுங்களேன். அலுப்புக்கும் மேல்முறையீடா?

இன்னொண்ணு. திரைப்பட விழாவுக்குன்னே ஒரு வார்ப்பு இருக்கு இப்ப. ஆள் கேமராவுக்கு முதுகைக் காட்டிட்டு மூணு நிமிஷம் நடப்பான். ஜன்னல். மழை. நாய் ஒண்ணு கடக்கும். யாரும் யார்கூடவும் பேச மாட்டாங்க. இதைப் பாத்து ஆழம்னு சொல்லணும். கத்தரிக்கோல், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, இது இல்லைன்னு.


கத்தரிக்கோல் | திங்கள், இரவு 10.05

இருக்கு. நானே உடந்தை.

பேர் வேண்டாம். ஒரு இயக்குநர் என்கூட உக்காந்து ஒவ்வொரு ஷாட்டோட வாலையும் இழுத்தார். 'இன்னும் பத்து விநாடி விடுங்க, விழாவுக்குப் போகணும்'னார். அந்தப் பத்து விநாடியில எதுவுமே இல்லை. நடிகர் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறது தெரியுது, அவ்வளவுதான். படம் எந்த விழாவுக்கும் போகலை, அது வேற கதை.

நான் கையில வெச்சிருக்கிற உரைகல் ஒண்ணுதான். ஷாட்டைப் பாதியா வெட்டிப் பாப்பேன். அடுத்து வர்ற ஏதாவது ஒரு இடம் நொண்டினா, நீளத்துக்கு வேலை இருக்கு. எதுவும் நொண்டலைன்னா அது வெறும் கொழுப்பு. வேகமான படத்துலயும் இதே சோதனைதான். ஒரு சண்டையில 40 வெட்டு இருந்தா, 20 எதுக்குன்னு கேளுங்க, பதில் இருக்காது.

பழக்கமும் ஒரு காரணம். திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் கணக்குப்படி 1930லேர்ந்து 1960 வரைக்கும் ஹாலிவுட் படங்கள்ல ஒரு ஷாட் சராசரியா 8லேர்ந்து 11 விநாடி. நூற்றாண்டு முடியிறப்போ நிறைய படங்கள்ல அது 3லேர்ந்து 6 விநாடிக்கு வந்திருச்சு. தார்க்கோவ்ஸ்கியோட 'ஸ்டாக்கர்' ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, மொத்தமே 142 ஷாட். ஒண்ணுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல. மூணு விநாடிக்கு ஒரு தடவை கண்ணைத் தட்டி எழுப்பிப் பழகினவனுக்கு ஒரு நிமிஷம் யாரும் தட்டலைன்னா தூக்கம் வராம என்ன செய்யும்?

அந்தப் படம் மெதுவா இருக்குன்னு சோவியத் அதிகாரிங்க குறை சொன்னப்போ, ஆரம்பம் இன்னும் மெதுவா இருக்கணும், அரங்கம் மாறி வந்தவங்க எழுந்து போக நேரம் வேணும்ல என்கிற மாதிரி தார்க்கோவ்ஸ்கி பதில் சொன்னதா ஒரு கதை உண்டு. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும். எல்லாருக்கும் கட்டுப்படியாகாது.


நிலாமுற்றம் | செவ்வாய், காலை 11.10

ரெண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க: சப்டைட்டில்.

தைவான் இயக்குநர் ஹௌ ஷியாவ்-ஷியன் எடுத்த 'எ சிட்டி ஆஃப் சாட்னஸ்' பாத்தப்போ முதல் ஒரு மணி நேரம் எனக்கு யார் யாரோட பிள்ளைன்னே தெரியலை. நாலு சகோதரர்கள். ஒருத்தர் போருக்குப் போய்த் திரும்பவே இல்லை, படத்துல ஆளே கிடையாது, பேச்சுல மட்டும் வர்றார். கடைசித் தம்பி காது கேக்காத, பேசாத புகைப்படக்காரர். ஆங்கில சப்டைட்டில்ல எல்லாருமே 'பிரதர்'. பெரியவரா சின்னவரா, கூடப் பொறந்தவரா, கூட்டாளியை மரியாதைக்குக் கூப்பிடறாங்களா, ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது தடவை நானே ஒரு காகிதத்துல அண்ணன், தம்பி, அண்ணி, மச்சான்னு எழுதி வெச்சுக்கிட்டுப் பாத்தேன். பாதிப் புதிர் அப்படியே கரைஞ்சிடுச்சு. தமிழ்ல சப்டைட்டில் போட்டிருந்தா அந்தப் புதிரே இருந்திருக்காது. ஒரே வார்த்தை, அண்ணன்னு போட்டா போதும்.

மொழியும் அப்படித்தான். அந்தப் படத்துல ஹொக்கியன், மாண்டரின், ஷாங்காய்ப் பேச்சு, ஜப்பானியம் எல்லாம் கலந்து வருது. யார் எந்த மொழியில பேசறாங்கங்கிறதுலதான் அந்த நாட்டோட அரசியலே இருக்கு. ஜப்பான்காரன் போயாச்சு, சீனாவுலேர்ந்து புது அரசாங்கம் வந்தாச்சு, 1947 பிப்ரவரியில ரத்தம் ஓடுது. சப்டைட்டில்ல எல்லாமே ஒரே வெள்ளை எழுத்து. அந்த ஊர்க்காரங்களுக்கு நேராப் புரிஞ்சதை நாம 'பூடகம்'னு சொல்லிட்டிருக்கோம்.

இன்னும் ஒண்ணு மட்டும். அந்தக் கடைசித் தம்பியா நடிச்ச டோனி லியுங்குக்கு உள்ளூர் மொழி பேச வராது. அதனாலதான் பாத்திரத்தையே பேசாதவரா ஆக்கினாங்க. எத்தனை பேர் அந்த மௌனத்துக்குப் பக்கம் பக்கமா தத்துவம் எழுதியிருப்பாங்க! நானும் எழுதினேன், ஒத்துக்கறேன். ஆனா காரணம் எதுவா இருந்தாலும், அந்த மௌனம் படத்துல வேலை செய்யுது. பேச முடியாத ஊருக்குப் பேச முடியாத ஆள்.


இடைவேளை | செவ்வாய், காலை 11.25

அக்கா, கடைசிப் பத்தி எனக்குச் சாதகமா உங்களுக்கா?


நிலாமுற்றம் | செவ்வாய், காலை 11.31

ரெண்டு பேருக்கும்தான் தம்பி. பாதிப் பாதி எடுத்துப்போம்.


மறுபார்வை | செவ்வாய், இரவு 9.45

கதை உடையும்: 'காஷே', 'மல்ஹாலண்ட் டிரைவ்', 'லாவெந்தூரா'.

இதுவரை பேசினவங்க எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டிட்டீங்க. பார்வையாளர் கதையைச் சேர்க்கணும்னு சொல்ற படங்கள்ல குறைஞ்சது மூணு ஜாதி இருக்கு.

ஒண்ணு, பூட்டும் சாவியும். 'மெமன்டோ' மாதிரி. கதையைக் கலைச்சுப் போட்டிருப்பாங்க, அடுக்கினா ஒரே வரிசைதான் வரும். அடுக்கி முடிச்சதும் வேலை முடிஞ்சது. இதுக்கு விளக்க வீடியோ நியாயம்.

அடுத்து, சாவி இருக்கிற மாதிரி ஆசை காட்டுறது. 'மல்ஹாலண்ட் டிரைவ்' டிவிடியில டேவிட் லிஞ்ச் 10 துப்புன்னு ஒரு சீட்டு வெச்சு அனுப்பினார். சிவப்பு விளக்குக் கூண்டைப் பாருங்க, அங்கியைப் பாருங்க, இந்த மாதிரி. அந்தப் பத்தையும் வெச்சுக்கிட்டு நான் ஒரு மாசம் மண்டையை உடைச்சேன். கனவு பாதி, நிஜம் பாதின்னு பிரிச்சா பெரும்பாலும் பொருந்துது. ஆனா அந்தப் படம் தொலைக்காட்சித் தொடரோட முதல் பகுதியா எடுத்து, அலைவரிசை நிராகரிச்சு, அப்புறம் முடிவு சேர்த்துப் படமாக்கினது. சில முடிச்சுகள் தொடருக்காகப் போட்டது, அவிழவே அவிழாது. இருந்தும் 2016ல பிபிசி நடத்தின விமர்சகர் வாக்கெடுப்புல இந்த நூற்றாண்டோட முதல் படம் அதுதான். அவிழாத முடிச்சு ஒரு குறையா யாருக்கும் தெரியலை.

மூணாவது ஜாதி கையை விரிச்சிடும். 'லாவெந்தூரா'வுல ஒரு பொண்ணு தீவுல காணாமப் போறா. தேடறாங்க. தேடறதை மறந்துடறாங்க. படமும் மறந்துடுது. 1960ல கான் விழாவுல ஜனங்க கூச்சல் போட்டுக் கேலி பண்ணினாங்க. அடுத்த நாளே திரைத்துறை ஆட்கள் நிறைய பேர் ஆதரவா ஒரு அறிக்கையில கையெழுத்துப் போட்டாங்க. அதே விழாவுல நடுவர் பரிசும் கிடைச்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு, தூங்குமூஞ்சி சொன்ன அதே பத்திரிகையோட வாக்கெடுப்புல ரெண்டாவது இடம். அந்தப் படத்துல 'அவ எங்கே'ங்கிறதுக்கு விடை தேடறவன் ஏமாந்து போவான். அவளைத் தேடறதை எந்த நிமிஷம் நான் நிறுத்தினேன்னு கேட்டுப் பாருங்க. எனக்கு முதுகு சில்லிட்டுது. நானும் அவளோட காதலன் மாதிரியே அவளைப் பாதியில கைவிட்டிருந்தேன்.

சண்டை எதனாலன்னா, மூணாவது ஜாதியை முதல் ஜாதின்னு நினைச்சுப் பாக்கிறோம். 'காஷே'வுல ஒரு வீட்டை யாரோ படம் பிடிச்சு, வீடியோ கேசட்டா அந்த வீட்டுக்கே அனுப்பிட்டிருப்பாங்க. அதோட கடைசி ஷாட் ஒண்ணு போதும். பள்ளிக்கூடப் படிக்கட்டு, கேமரா தூரத்துல, அசையாது, பேர் ஓட ஆரம்பிச்சிடும். அங்கே கூட்டத்துக்கு நடுவுல ரெண்டு பசங்க, கேசட் வந்த வீட்டுப் பையனும் சந்தேகப்பட்ட ஆளோட பையனும், சந்திச்சுப் பேசறாங்க. படத்துல அதுவரைக்கும் அவங்க சந்திச்சதே இல்லை. இடது பக்கக் கீழ் மூலையில. நான் முதல் தடவை அதைப் பாக்கவே இல்லை, எழுந்து விளக்கைப் போட்டுட்டேன். என் நண்பன் பாத்திருந்தான். ரெண்டு பேரும் வேற வேற படம் பாத்துட்டு வந்தோம். அவனுக்கும் அந்த வீடியோ கேசட் யார் அனுப்பினதுன்னு தெரியாது, ஆனா வேற மாதிரித் தெரியாது.


கடைசிவரிசை | புதன், காலை 8.40

மறுபார்வை அவர்களின் பிரிவினையில் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறேன். தகவலெல்லாம் கொடுத்துவிட்டு, எடையை நம் தலையில் ஏற்றும் படங்கள்.

பேலா தாரின் 'சாத்தான்டாங்கோ', 1994, ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும். பன்னிரண்டு அத்தியாயம், டாங்கோ நடனம்போல முன்னே ஆறு அடி, பின்னே ஆறு அடி. இதன் மூலநாவலை எழுதிய லாஸ்லோ க்ராஸ்னஹோர்காய்க்கு 2025இல் நோபல் கிடைத்தது. அதில் ஒரு மருத்துவர், குடிகாரர், மதுவுக்காக மழையில் கிளம்புகிறார். இருட்டில் ஒரு சிறுமி ஓடிவந்து அவரைப் பற்றிக்கொள்கிறாள். எரிந்து விழுகிறார். அவள் ஓடிவிடுகிறாள். நாமும் மறந்துவிடுகிறோம். நீண்ட நேரம் கழித்து அந்தச் சிறுமியின் அத்தியாயம் வருகிறது. அவள் ஏன் அங்கே நின்றாள், எங்கே போனாள் என்று அப்போது தெரிகிறது. சாராயக்கடை ஜன்னல் வழியாக உள்ளே பெரியவர்கள் குடித்து ஆடுவதைப் பார்க்கிறாள். அதன்பின் அவள் இறந்துபோகிறாள். அடுத்த அத்தியாயம் அதே ஆட்டம், இப்போது கேமரா உள்ளே. நிமிடக்கணக்கில், அதே இசை திரும்பத் திரும்ப.

அந்த ஆட்டம் வேடிக்கையானது. ஆனால் சிரிக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே யார் நின்றாள் என்று உள்ளே இருப்பவர் ஒருவருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். எட்டிக் கூப்பிடவும் முடியாது. இதில் புரியாதது எதுவுமே இல்லை. நீளத்தை வெட்டினால் அந்தச் சங்கடம் போய்விடும். கத்தரிக்கோல் அவர்களின் உரைகல்லில் உரசிப் பாருங்கள்.


கத்தரிக்கோல் | புதன், காலை 9.15

உரசிட்டேன் ஐயா. கை வைக்க மாட்டேன். ஆனா ஆரம்பத்துல மாடுங்க ஏழெட்டு நிமிஷம் நடக்குதே, அதுல ஒரு நிமிஷம் எடுத்தா யாருக்கும் தெரியாதுன்னு இன்னமும் நினைக்கிறேன். மாடுங்ககிட்ட சொல்லிடாதீங்க.


நிலாமுற்றம் | புதன், மதியம் 2.00

தூங்கறதைப் பத்தி ஒரு ஆறுதல். தியேட்டர்ல தூங்க வைக்கிற படம் தனக்குப் பிடிக்கும், அதே படம் அப்புறம் ராத்திரி தூங்க விடாதுன்னு கியரோஸ்தமி சொல்லியிருக்கார். அவர் படத்துலயே பாதிப் பேர் திரைக்கு வெளிய இருப்பாங்க. 'தி விண்ட் வில் கேரி அஸ்'ல குழி வெட்டறவர் குரலா மட்டும்தான் வருவார், முகமே வராது. சாகக் கிடக்கிற கிழவியும் வர மாட்டா. நமக்குள்ள ஒரு முகத்தை நாமே வரைஞ்சுக்கணும்.

தூங்குமூஞ்சி எங்கே போனீங்க? இழையை ஆரம்பிச்சிட்டு மறுபடி தூங்கிட்டீங்களா?


தூங்குமூஞ்சி | சனி, இரவு 10.30

கதை உடையும்.

தூங்கலை. படத்தைத் திரும்பப் பாத்தேன். கடைசிவரிசை ஐயா எழுதினதைப் படிச்சிட்டு, ஒரு நாளைக்கு ஒரு நாள்னு மூணு ராத்திரியில. போனை வேற அறையில வெச்சுட்டு. இப்படித் துண்டு போட்டுப் பாக்கிறது விதிமீறல்னு யாராவது சண்டைக்கு வந்தா வரட்டும்.

முதல் நாள் அலுப்புதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா விளக்கை அணைக்கிறதை எண்ண ஆரம்பிச்சேன். ரெண்டாவது நாள் அந்த விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தப்போ சோபாவுலேர்ந்து 'அம்மா, விளக்கு'ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். வீட்டுல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. பானையோட நடக்கிற இடத்துல நிஜமாவே பயமா இருந்துச்சு. மூணாவது நாள் அவங்க சீக்கிரம் எழுந்திடறாங்க. ஒரு மணி நேரம் மிச்சம். அதை வெச்சு என்ன பண்றதுன்னு தெரியாம நாற்காலியில சும்மா உக்காந்திருக்காங்க பாருங்க, அதைவிடக் கலவரமான காட்சி நான் சமீபத்துல பாத்ததில்லை. ஒண்ணுமே நடக்கலை!

கத்தரிக்கோல் அண்ணே, உங்க பேரைப் படிக்கும்போதெல்லாம் இனிமே எனக்கு இந்தப் படம்தான் ஞாபகம் வரும். கடைசியில வாடிக்கையாளரைக் குத்துற அந்தக் கத்தரிக்கோல் எப்படிப் படுக்கையறைக்கு வந்துச்சுன்னு விளக்க வீடியோவுல சொல்லவே இல்லை. கனடாவுலேர்ந்து சகோதரி அனுப்பின பார்சலைப் பிரிக்க எடுத்துட்டுப் போறாங்க. உள்ளே ராத்திரி உடுத்துற கவுன். கத்தரிக்கோல் எப்பவும் இருக்கிற இடத்துக்குத் திரும்பப் போகலை. ஒவ்வொரு பொருளையும் அதது இடத்துல வைக்கிற மனுஷி, அதை அங்கேயே விட்டுடறாங்க. மூணு மணி நேரம் பொருளை எடுத்த இடத்துல வைக்கிறதைக் காட்டினதே இந்த ஒரு பொருள் இடம் மாறினது உறுத்தணும்னுதான். போன வாரம் நான் தூங்கிட்டிருந்தப்போ அது என் கண் முன்னாடியே கிடந்திருக்கு.

இப்பவும் உலகத்துலயே சிறந்த படமான்னு கேட்டா தெரியலை. ஆனா 12 நிமிஷம் போதும்னு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன்.


இடைவேளை | சனி, இரவு 11.05

கட்சி மாறிட்டீங்க. நான் தனியா நிக்கிறேன், பரவால்ல.

ஒரே ஒரு விஷயம் ஒத்துக்கறேன், இதை வெச்சுக்கிட்டு என்னை யாரும் ஓட்டக் கூடாது. 'கூழாங்கல்' பாத்தேன். 75 நிமிஷம்தான், அதனால துணிஞ்சேன். அப்பனும் பையனும் வெயில்ல நடக்கிறாங்க. பையன் தாகத்துக்கு ஒரு கல்லை வாயில போட்டுக்கறான். அது எனக்குப் பெரிசாத் தெரியலை. வீட்டுக்கு வந்து அந்தக் கல்லை எடுத்து வெக்கிறான், அங்க ஏற்கெனவே நிறைய கல் சேர்ந்து கிடக்கு. அப்பதான் உறைச்சுது, இந்த நடை இன்னிக்கு மட்டும் நடந்ததில்லைன்னு. யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. நான் கல்லை எண்ணிக்கிட்டிருந்தேன்.

அதுக்காக ஏழு மணி நேரம் மாடு பாக்க வர மாட்டேன்.


மறுபார்வை | சனி, இரவு 11.20

எத்தனை கல்?


இடைவேளை | சனி, இரவு 11.22

ஷாட் மாறிடுச்சு தலைவா. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம்.


கத்தரிக்கோல் | சனி, இரவு 11.24

நெறியாளர் கவனத்துக்கு: மேலே உள்ள பதிவை இழையின் தலையில ஒட்டி வைக்கவும்.